அது ஒஷாவா மணல் இல்லை

எங்கள் முதியோர் சங்கம் வருடத்துக்கு ஒரு மலர் போடும். அதற்கு எழுத்து வேலை முழுக்க ரீச்சர்தான். ஊரிலே பெரிய பள்ளிக்கூடத்தில் தமிழும் கணக்கும் படிப்பித்தவ. இங்கே ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில், நான் மகள் குடும்பத்தோடு இருக்கிற ரவுன்ஹவுஸ் வரிசையில் நாலு கதவு தள்ளித் தன் மகனோடு இருந்தா. எழுத வராத ஆட்கள் வாயாலே சொல்லச் சொல்ல, ரீச்சர் எழுதி அவர்களின் பெயரைக் கீழே போட்டுவிடுவா. எனக்கு எழுத வராது என்று இல்லை. மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவள். எழுதுவேன், ஆனால் ஒரு பக்கம் முடிக்க ஒரு பொழுது போகும்.

நான் ஜப்பானுக்குப் போய் வந்த வருடம் என் கதையும் மலரிலே வர வேண்டும் என்று நினைத்தேன். அதை ஆசை என்று சொல்ல மாட்டேன், உரிமை என்றே நினைத்தேன். சங்கத்தில் மற்ற ஆட்கள் நயாகராவைப் பற்றியும் மொன்றியல் கோயிலைப் பற்றியும் எழுதினவர்கள். ஜப்பான் மண்ணை மிதித்தவள் நான் ஒருத்தி.

ரீச்சர் என் முன்னாலே இருந்து எழுதினா. விமானத்தில் தந்த பச்சை மீனை எழுதினா. பேரப்பிள்ளை பிறந்ததை எழுதினா. கடற்கரை வந்ததும் பேனையை மூடி வைத்தா.

"அக்கா, மற்றதெல்லாம் போடலாம். உந்த மண் விசயம் வேண்டாம்."

"ஏன் ரீச்சர்?"

"கறுப்பு மண் எண்டுறியள். கீழாலை சுடுது எண்டுறியள். காந்தத்திலை ஒட்டுது எண்டுறியள். ஆக்கள் வாசிச்சுப்போட்டுச் சிரிப்பினம்."

"நான் கண்டதைத்தானே சொல்லுறன்."

"நீங்கள் பொய் சொல்லுறியள் எண்டு நான் சொல்லேல்லை. உங்கட மகன் பகிடிக்குச் சொன்னதை நீங்கள் நம்பிட்டியள்."

பொய் சொல்கிறாய் என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். பாவம், ஏமாந்துவிட்டாள் என்பது போல ஒரு பார்வை பார்த்தா பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மண் இல்லாமல் என் கதை மலரில் வராது என்று சொல்லிவிட்டேன். மண்ணோடு வராது என்று அவவும் சொல்லிவிட்டா. நடந்த கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் போனது பிள்ளைப்பேறு பார்க்க. என் இளைய மகன் படிக்க என்று ஜப்பானுக்குப் போய், அங்கேயே வேலை எடுத்து, வடக்குப் பக்கத்தில் ஒரு குளிர் ஊரிலே இருந்தான். எரிமலைகளுக்குப் பக்கத்தில் மெசின் பூட்டி வைத்து அவை வெடிக்குமா வெடிக்காதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. மருமகளின் தாய்க்கு யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட வழியில்லை, சண்டையாலே பாதை பூட்டு. அதனாலே ரொறன்ரோவிலிருந்து நான் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத்தூளும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டு போனேன்.

பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் கழியும் வரைக்கும் நான் வாசலைத் தாண்டவில்லை. பிள்ளைக்குக் குளிக்க வார்க்கிறது, தாய்க்குச் சரக்குக்கறி வைக்கிறது, ஜன்னலாலே மழையைப் பார்க்கிறது. இதுதான் நான் கண்ட ஜப்பான். முப்பத்திரண்டாம் நாள் மருமகளே சொன்னாள்.

"இஞ்சருங்கோ, மாமியை எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. என்னைச் சாப்பிடு சாப்பிடு எண்டு கொல்லுறா."

மகன் கேட்டான், "அம்மா, எங்கை போக விருப்பம்?"

"கடலுக்கு," என்றேன். கனடாவிலே பெரிய ஏரிதான் கண்டிருக்கிறேன். அதிலே உப்பும் இல்லை, மணமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். காட்டுக்குள்ளாலே ஒரு பாதை. பெயர்ப் பலகை ஒன்றும் இல்லை, கடை இல்லை, கச்சான் கடலை விற்கிற ஆள்கூட இல்லை. இரண்டு கார் விடக் கூடிய ஒரு வெளியில் காரை விட்டுவிட்டு இறங்கி நடந்தோம். பின்னாலே ஒரு மலை, உச்சி உடைந்த மலை, அதிலிருந்து மெல்லிசாகப் புகை போனது. அழுகின முட்டை மணம் மூக்கிலே அடித்தது. முன்னாலே கடல். நடுவிலே இந்த மண்.

கறுப்பு என்றால் நல்ல கறுப்பு. விறகு அடுப்பிலே வைத்த சட்டியின் அடிப்பக்கம் எப்படி இருக்கும், அப்படி. ஆயுசுக்கும் வெள்ளை மணலைக் கண்ட நான் அதிலே கால் வைக்க யோசித்தேன்.

"தம்பி, இஞ்சை கப்பல் ஏதும் எரிஞ்சதோ?"

"இல்லை அம்மா. அந்த மலை வெடிச்சுக் கக்கின கல்லு. அலை அடிச்சு அடிச்சு மண்ணாப் போச்சு."

"ஒரு மாசமா வீட்டுக்குள்ளை கிடந்த என்னை நீ கரி பாக்கவோ கூட்டிக்கொண்டு வந்தனி?"

அவன் சிரித்துக்கொண்டே சாப்பாட்டுப் பார்சலை இறக்கினான். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் இடிச்ச சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். நான் நின்றபடியே நின்றேன். அன்றைக்கு நான் கட்டியிருந்தது சந்தனக் கலர் சேலை. அதோடு அந்த மண்ணிலே இருக்க மாட்டேன் என்றேன். அவன் காருக்குப் போய் ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து விரித்தான். முழுக்க ஜப்பான் எழுத்து.

எழுத்து உள்ள பேப்பருக்கு மேலே குந்துகிறது எங்கள் வீட்டிலே இல்லாத பழக்கம். காலிலே பட்டால்கூடத் தொட்டுக் கண்ணிலே ஒற்றுவோம், அது சரஸ்வதி. ஆனால் இது ஜப்பான் எழுத்து. எனக்குச் சந்தேகம் வந்தது.

"தம்பி, உவையின்ர எழுத்துக்கும் சரஸ்வதிதானோ?"

நான் எதிர்பார்த்தது, இல்லை அம்மா, பேசாமல் இருங்கோ என்று சொல்லுவான் என்று. அவனோ பெரிய படிப்புப் படித்தவன் அல்லவா, உண்மையைச் சொல்லிவிட்டான்.

"இவைக்கும் ஒரு சரஸ்வதி இருக்கிறா அம்மா. வீணை மாதிரி ஒண்டை வைச்சுக்கொண்டு இருப்பா. இந்தியாவிலை இருந்து வந்தவதான்."

அதற்குப் பிறகு எப்படி அதிலே இருக்கிறது? பேப்பரை மடித்து அவன் கையிலே கொடுத்தேன். சேலை போனால் போகட்டும் என்று வெறும் மண்ணிலே இருந்தேன்.

புட்டை அவிழ்த்து இரண்டு வாய் போட்டிருப்பேன். இருந்த இடம் இளஞ்சூடாக இருந்தது. வெயிலாக்கும் என்று பார்த்தால் வானம் முழுக்க முகில். இன்னொரு வாய் புட்டைப் போட்டுக்கொண்டேன். பெற்ற மகன் என்றாலும் சில விசயம் சொல்லக் கூச்சம். சூடு ஏறிக்கொண்டு வந்தது.

"தம்பி, என்ர கீழ்ப்பக்கம் சுடுது."

அவன் புட்டு புரைக்கேறிச் சிரித்தான். சிரித்துவிட்டுக் கையாலே ஒரு கிடங்கு கிண்டினான். ஒரு முழம் போக முதல் தண்ணீர் ஊறியது. விரலை வைத்துப் பார்த்தேன், பிள்ளைக்கு வார்க்கிற பதத்துக்குச் சுடுதண்ணீர். கீழே மலையின் சூடு இன்னும் இருக்கிறதாம், தண்ணீர் அதிலே கொதித்து மேலே வருகிறதாம்.

அந்தக் கரையிலே எங்களைத் தவிர ஒரே ஒரு மனிதர். கிழவர், என்னை விட ஒரு பத்து வயது கூட இருக்கும். நீளம் நீளமான கடற்பாசியைக் கல்லிலே காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் எழும்பினதைக் கண்டுவிட்டார். எழும்பினது என்றால், முதலில் ஒரு கை, பிறகு மற்றக் கை, பிறகு மகனின் தோள், பிறகு முருகன். அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்து நீளமாக ஏதோ கதைத்தார்.

"என்னவாம்?"

"முழங்கால் நோவோ எண்டு கேக்கிறார்."

"இவருக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள் எழும்பினதைப் பாத்தவராம்."

அவர் கேட்காமல் கொள்ளாமல் ஒரு பாத்தி வெட்டினார். என்னை அதிலே காலை நீட்டி இருக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அவர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டி, அந்த இடத்திலேயே நாலு தரம் குந்தி எழும்பிக் காட்டினார். அந்த வயதிலே அப்படி எழும்புகிற ஒருவரை நான் கண்டதில்லை. எனக்கு ரோசம் வந்துவிட்டது. சேலையைக் காலோடு சுற்றிக்கொண்டு இருந்தேன். அவர் சூட்டு மண்ணைப் போட்டுத் துடை வரைக்கும் மூடி, மண்வெட்டியின் பின்பக்கத்தாலே தட்டித் தட்டி வரம்பு கட்டினார்.

"உயிரோடை இருக்கேக்கை என்னைப் புதைக்கிறார், நீ பாத்துக்கொண்டு நிக்கிறாய்," என்று மகனைப் பேசினேன். அவன் அதையும் படம் எடுத்தான்.

ஆனால் சொல்ல வேண்டும். கால் மணி நேரத்தில் என் முழங்கால் நோ எங்கே போனது என்று தெரியவில்லை. மனம் இளகிப்போய் அந்த மனிதருக்குப் புட்டும் இடிச்ச சம்பலும் கொடுத்தேன். வாங்கி நல்லாக அள்ளிச் சாப்பிட்டார். முகம் சிவந்தது, கண்ணாலே நீர் ஓடினது. மகனிடம் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"இந்த மண்ணை விட உங்கட சாப்பாடு சூடாம்."

வெளிக்கிட முதல் மகன் ஒரு வேடிக்கை காட்டினான். அவன் திறப்புக்கோர்வையிலே சாவிகளோடு ஒரு காந்தம் தொங்கும். அதை மண்ணிலே இழுத்தான். எடுத்துப் பார்த்தால் காந்தத்துக்குக் கறுப்புத் தாடி முளைத்திருந்தது. மண்ணிலே இரும்பு கலந்திருக்கிறதாம். நான் வாங்கி நானும் இழுத்துப் பார்த்தேன். எனக்கும் முளைத்தது.

காரில் பிள்ளையின் பால்மாத் தகரப் பேணி ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதை நிறைய மண் அள்ளினேன். விமானத்திலே கொண்டு போகிற சாமான் இல்லை, கனடாக் கஸ்டம்ஸுக்குக் கேட்டு எழுதி, அவர்கள் சம்மதித்தால் கப்பல் பார்சலிலே அனுப்புகிறேன் என்று மகன் வாங்கி வைத்தான். வர மூன்று மாதம் ஆகும் என்றான். நான் வெறும் கையோடு ரொறன்ரோவுக்கு வந்தேன். வந்து சொன்னேன். பிறகு ரீச்சர் பேனையை மூடின கதைதான் நான் முதலிலே சொன்னது.

முதலில் படங்கள் தபாலில் வந்தன. ஓடிப் போய் ரீச்சருக்குக் காட்டினேன். நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் மத்தியானம் ஒவ்வொரு வீட்டிலே கூடுவோம். ரீச்சர், நான், மன்னார் அக்கா. மன்னார் அக்கா எங்கள் வீடுகளுக்குப் பின் வரிசையில் இருந்தவ, எல்லாவற்றுக்கும் சிரிப்பா, யார் பக்கம் என்று சொல்ல மாட்டா. ரீச்சர் கண்ணாடியைப் போட்டுப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. முகில் நாளில் எடுத்த படம். வானமும் இருட்டு, மண்ணும் இருட்டு, நடுவிலே கால் இல்லாத நான்.

"உது நாங்கள் சங்கத்தாலை போன ஒஷாவா ஏரிக்கரை மாதிரியெல்லோ கிடக்கு," என்றா ரீச்சர். "மழைக்கு நனைஞ்ச மண் கறுப்பாத்தான் தெரியும்."

"ஒஷாவாவிலை மலை எங்கையிருந்து வந்தது?"

"மலையைக் காணேல்லையே அக்கா."

மலை எனக்குப் பின்னாலே இருந்தது. நான் குறுக்கே இருந்தேன். மன்னார் அக்கா, "மலை மறையிற அளவுக்கு இருந்திருக்கிறியள்," என்று சொல்லிச் சிரிக்க, அன்றைக்குத் தேத்தண்ணீர் குடிக்காமலே எழும்பி வந்தேன்.

மார்கழி போய்த் தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பேணி வந்து சேர்ந்தது. மூடியைத் திறந்தேன். அதே கறுப்பு. அதே முட்டை மணம். ரீச்சருக்குப் போன் எடுத்தேன்.

"ரீச்சர், இந்த வெள்ளி எங்கட வீட்டிலை. கட்டாயம் வாங்கோ. மன்னார் அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"என்ன விசேசம்?"

"வாங்கோவன், தெரியும்."

மகள் மட்டும் அந்த மணத்தைக் குசினிக்குள் விட மாட்டேன் என்றாள். பேணி வாசல் கதவுக்குப் பக்கத்தில், சப்பாத்துகளோடு போய் இருந்தது. அங்கேதான் பிழை நடந்தது.

வியாழன் இரவு முழுக்க ஐஸ் மழை, விடியத்தான் விட்டது. காலையில் ஜன்னலாலே பார்த்தால் தெரு, நடைபாதை, மரக் கொப்பு எல்லாம் கண்ணாடி பூசின மாதிரி. மகள் மெல்ல மெல்ல நடந்து வேலைக்குப் போய்விட்டாள். நான் வடைக்கு உழுந்து ஊறப் போட்டேன். மத்தியானம் வெயிலும் எறித்தது. இரண்டு மணிக்கு ரீச்சரும் மன்னார் அக்காவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

"உங்கட வாசலிலை மட்டும்தான் அக்கா வழுக்கேல்லை," என்றா ரீச்சர், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு. "மண் போட்டது நல்ல வேலை."

எனக்கு அது காதிலே விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. வடையை வைத்து, தேத்தண்ணீரை ஊற்றி, ஒரு நல்ல தாம்பாளத்தைத் துடைத்து மேசைக்கு நடுவிலே வைத்துவிட்டுப் பேணியை எடுக்கப் போனேன். தூக்கினேன். காற்றைப் போல இருந்தது.

எங்கள் மருமகன் இரவு வேலை, விடியத்தான் வருவார். மேலே நித்திரையாக இருந்தார். போய் எழுப்பினேன்.

"தம்பி, அந்தப் பேணியிலை இருந்த மண் எங்கை?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார், "படியிலை போட்டிட்டன் மாமி. நீங்கள் ஐஸுக்கெண்டு வாங்கி வைச்சிருக்கிறியள் எண்டு நினைச்சன். உங்கட ஆக்கள் வருகினம் எண்டு உங்கட மகள் சொன்னவள். விழுந்து கிழுந்து போவினம் எண்டு முழுக்கக் கொட்டினனான்." பிறகு ஒரு கண்ணைத் திறந்து, "போதாதே மாமி? உப்பும் கிடக்கு," என்றார்.

இப்படி ஒரு நல்ல மனிதரை என்னவென்று பேசுவது? போர்வையை இழுத்து மூடிவிட்டு இறங்கி வந்தேன்.

வெறும் பேணியைத் தாம்பாளத்திலே வைத்து நடந்ததைச் சொன்னேன். மன்னார் அக்கா முன்றானையாலே வாயை மூடிக்கொண்டா. ரீச்சர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தட்டினா.

"பரவாயில்லை அக்கா. வெளிநாடு போட்டு வந்தால் எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுறது. நான் உங்கட விமானக் கதையை நல்ல வடிவா எழுதித் தாறன்."

திரும்பவும் அந்தப் பார்வை.

நான் குசினிக்குப் போனேன். பிரிட்ஜிலே பல் வைத்தியரின் கடதாசித் துண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் வாழைப்பழம் ஒட்டியிருந்தது. பின்னாலே நல்ல தடித்த காந்தம். அதைப் பிடுங்கினேன். சேலைக்கு மேலே பேரனின் குளிர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து, முதல் படியிலே இருந்தேன். ஐஸிலே காந்தத்தை ஒரு இழுவை இழுத்தேன்.

தூக்கிப் பார்த்தேன். வாழைப்பழத்துக்குத் தாடி முளைத்திருந்தது.

ரீச்சர் கதவடியிலே நின்று பார்த்தா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தா. உள்ளே போனா. கோவித்துக்கொண்டு போகிறா என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையிலே எங்கள் பிரிட்ஜில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தக்காளிப்பழம். அதன் பின்னாலும் காந்தம் இருந்தது. எனக்குப் பக்கத்தில் இரண்டாவது படியிலே இருந்து அவவும் ஒரு இழுவை இழுத்தா.

"ஒட்டுது," என்றா.

"ஓம்."

"ஒஷாவா மண் ஒட்டாது," என்றா, தன்னோடு தானே கதைக்கிற மாதிரி.

அப்போதுதான் ரீச்சர் இன்னொன்றைக் கண்டா. ஐஸிலே கிடந்த ஒவ்வொரு கறுப்பு மணியும் தனக்கென்று ஒரு சின்னக் கிடங்கு கிண்டி, அதற்குள்ளே இறங்கி இருந்தது. கிடங்குக்குள் துளித் துளியாகத் தண்ணீர்.

"பாருங்கோ ரீச்சர்," என்றேன். "மூண்டு மாசம் கப்பலிலை வந்தும் சூடு ஆறேல்லை."

ரீச்சர் வாயைத் திறந்தா. வானத்தை ஒருக்கால் பார்த்தா. பிறகு வாயை மூடினா. கறுப்பு வெயிலை இழுக்கும், அதனாலேதான் ஐஸ் உருகினது என்று மருமகன் இரண்டு நாள் கழித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கணக்கு ரீச்சருக்கு அது அப்பவே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் அவ சொல்லவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

மன்னார் அக்கா வாழைப்பழமும் தக்காளியும் போக மிச்சமிருந்த அன்னாசிப்பழத்தைக் கொண்டு வந்தா. மூன்று பேரும் வெயிலிலே படியில் இருந்து ஐஸைத் தடவித் தடவிப் பேணிக்குள் வழித்துப் போட்டோம். தபால்காரன் வந்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். எங்களைத் தாண்டிப் போகாமல் கடிதங்களை மன்னார் அக்காவின் கையிலே கொடுத்துவிட்டுப் போனான். பேணியிலே அரைவாசிதான் தேறியது. மிச்சம் இன்னும் அந்தப் படியின் வெடிப்புகளுக்குள் இருக்கும்.

உள்ளே வந்து ஆறின வடையைத் தின்றுகொண்டிருக்கும்போது ரீச்சர் பையைத் திறந்து கொப்பியை எடுத்தா.

"சொல்லுங்கோ அக்கா. கடற்கரையிலை இருந்து சொல்லுங்கோ, எழுதுறன்."

"வேண்டாம் ரீச்சர்," என்றேன். "நான் எழுதுறன். நீங்கள் பிழையைத் திருத்துங்கோ."

எழுதி முடிக்கப் பங்குனி ஆகிவிட்டது. ரீச்சர் சிவப்புப் பேனையோடு இருந்து ஒரு வரி விடாமல் திருத்தினா. மண்ணைப் பற்றி எழுதின இடத்தில் கை வைக்கவில்லை. கடைசியில் மட்டும், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, அந்த ஒஷாவாக் கதையை எடுத்துவிடலாமோ என்று கேட்டா. சங்கத்து ஆட்கள் வாசிப்பினம் அல்லவா என்றா.

நான் யோசித்துப் பார்த்தேன். எடுக்கவில்லை. தலைப்பிலேயே போட்டுவிட்டேன்.